ஃபிளாக் ஃபுட்பால்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தினின்று கிளைத்ததும், எதிரியை மோதி வீழ்த்துதல் அறவே விலக்கப்பட்டதுமான பந்து விளையாட்டு. கால்பந்து என்னும் நாமம் இதற்கு வெறும் சம்பிரதாயமே. அணிக்கு ஐவராக ஆடப்படும் சர்வதேச முறையில் பந்தைக் காலால் உதைப்பதற்கு இடமே இல்லை.

ஆட்டத்தின் ஜீவநாடி இடுப்புக் கச்சையிலே இருக்கிறது. கச்சையின் இரு பக்கங்களிலும் நாடா போன்ற கொடிகள் தொங்க, பந்தை ஏந்தி ஓடுபவருடைய கொடியொன்றை எதிரணியார் பறித்த கணமே அவ்வோட்டம் முற்றுப்பெறுகிறது. கொடியைக் கையால் மறைப்பது குற்றமாதலின், உடலை வளைத்தும் சுழன்றும் தப்புவதே உபாயம். ஆகவே புதிதாகப் பயில்வோர், பந்தெறியும் மோகத்தைச் சற்றே அடக்கி, ஓடுபவரின் முகத்தை நோக்காது இடுப்பையே நோக்கிக் கொடி பறிக்கும் சாமர்த்தியத்தை முதலில் அப்பியசித்தல் நலம்.

மைதானம் 50 கஜ நீளமும் 25 கஜ அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் 10 கஜ ஆழமுள்ள இலக்குப் பகுதிகள் உண்டு. தன் பக்கத்து 5 கஜக் கோட்டில் தொடங்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் நடுக்கோட்டைக் கடந்தால், இலக்கை எட்ட மேலும் நான்கு வாய்ப்புகளைப் பெறும். அவ்வாறு இலக்கை எட்டுவதாகிய டச்டவுனுக்கு 6 புள்ளிகள். பந்தெறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய விரும்புபவர் 7 கஜம் தள்ளி நின்றே புறப்படவேண்டும்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இதனைச் சேர்க்க இசைந்தது. அதே கூட்டத்தில் கிரிக்கெட்டும் இடம்பெற்றமையால், நம் நாட்டில் இச்செய்தி அதன் நிழலில் மறைந்துபோயிற்று.