யாரிடம் ஓதினீர்?

பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அன்று பெருநாள்தான். மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் எண்ணிப் பல நாள் உறக்கமிழந்த பெற்றோர், இனிக் கவலையில்லை என்று பெருமூச்சு விடுகின்றனர். ஆயின் மருத்துவம் கற்பது என்றால் என்ன, கற்றதற்குச் சான்று எது என்னும் கேள்விகள் அதற்குப் பின்னரே தொடங்குகின்றன. அவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பக்தாத் நகரம் எதிர்கொண்டது.

ஹிஜ்ரி 319, கி.பி. 931. அப்பாஸியக் கலீஃபா முக்ததிரின் காலம். மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் மாண்ட செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவர் சோதித்துத் தகுதிச் சீட்டு வழங்கினாலன்றி எவரும் இத்தொழில் செய்யலாகாது என ஆணை பிறந்தது. இவர் கணிதமேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகனார். பக்தாதின் இரு கரைகளிலும் சோதனைக்கு வந்தோர் 860-க்கும் மேற்பட்டோர் என இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். புகழ்பெற்றோரும் அரசப் பணியில் இருந்தோரும் இக்கணக்கில் சேரார். அவரவர் தகுதிக்கேற்ப இன்ன சிகிச்சை செய்யலாம் என எல்லை வகுத்தே அனுமதி தரப்பட்டது.

அச்சோதனையில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அவர் பதிந்துள்ளார். நல்லுடை தரித்த முதியவர் ஒருவர் வந்தார். தோற்றத்தைக் கண்டு ஸினான் மரியாதையோடு அமர்த்தினார். மற்றவர் சென்றபின், தம் உஸ்தாதுமாரிடம் கற்றதில் ஏதேனும் கூறுமாறு வேண்டினார். முதியவரோ சட்டைக் கையிலிருந்து பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது என்றும், குடும்பம் இத்தொழிலால்தான் பிழைக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்: அறியாததைக் கொண்டு நோயாளியை அணுகக்கூடாது, எளிய நோய்களுக்கன்றிக் குருதி வடிக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது. தம் வாழ்நாளில் தேன்காடியையும் சர்க்கரைப் பானத்தையும் தாம் தாண்டியதே இல்லை என்றார் முதியவர்.

மறுநாள் இளைஞன் ஒருவன் வந்தான். யாரிடம் ஓதினீர் என்று ஸினான் வினவ, தன் தந்தையிடம் என்றான். தந்தை யாரென்று கேட்டால், நேற்று வந்த அதே முதியவர்! அவர் வழியிலேயே செல்லும், அதற்கு மேல் போகாதீர் என்று கூறி ஸினான் அவனையும் அனுப்பிவைத்தார்.

படித்தால் நகைப்பு வரும். ஆயின் மதரஸாவில் ஓதிய எனக்கு அக்கேள்வி புதிதன்று. ஸனது என்பது வெறும் காகிதமன்று. யாரிடம் எதை ஓதினோம் என்பதற்கான சாட்சி அது. மருத்துவத்தில் அச்சாட்சி உயிரோடு தொடர்புடையது. மருத்துவம் அறியாமல் அதைச் செய்பவன் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி எனும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஸினான் அம்முதியவரின் பிழைப்பைக் கெடுக்கவில்லை. நோயாளியின் உயிரையும் பணயம் வைக்கவில்லை.

முறையாகக் கற்பித்தல் எப்படியிருந்தது என்பதைத் திமிஷ்கு எனப்படும் டமாஸ்கஸ் காட்டுகிறது. அங்கு நூருத்தீன் ஸங்கீ 1154-இல் மருத்துவமனை நிறுவி, மருத்துவ நூல்களையும் வக்ஃபு செய்தார். தலைமை மருத்துவர் அபுல் மஜ்து காலையில் நோயாளிகளைப் பார்வையிட்டு மருந்தெழுதுவார். பின்னர் அங்குள்ள பெருங்கூடத்தில் அமர்வார். மாணவர் சூழ்ந்திருக்க மூன்று மணி நேரம் பாடமும் விவாதமும் நடைபெறும். நோயாளியின் கட்டிலும் நூலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

பிற்காலத்தில் அங்கே கற்பித்தவர் முஹத்தபுத்தீன் தக்வார். அவரும் யூத மருத்துவரான இம்ரானும் ஒன்றாக நோயாளிகளை ஆராய்ந்ததைக் கண்டு கற்றதாக மாணவர் இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். மாணவன் ஓதும்போது தக்வார் தம் கையிலும் ஒரு பிரதி வைத்துத் திருத்துவார். சொல்லில் ஐயம் எழுந்தால் அகராதியைப் புரட்டுவார். முதுமையில் அவர் நா தடித்து, பேச்சுப் புரியாமற்போயிற்று. அப்போதும் பாடம் நிற்கவில்லை. மாணவர் விவாதிக்க, அவர் பலகையில் விடையெழுதிக் காட்டினார். தம் வீட்டையே மருத்துவ மதரஸாவாக வக்ஃபு செய்துவிட்டு 1230-இல் மறைந்தார்.

அவரிடம் கற்றவராகச் சொல்லப்படும் இப்னுன் நஃபீஸ், இதயத்தின் இரு கீழறைகளுக்கிடையே நுண்துளைகள் உண்டென்ற ஜாலீனூஸின் கருத்தை மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேருகிறது என 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஐரோப்பாவில் இக்கருத்து 1553-இல்தான் அச்சேறியது. மறக்கப்பட்ட அவ்வுண்மையை 1924-இல் வெளிக்கொணர்ந்தவர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற எகிப்தியர் முஹ்யித்தீன் தத்தாவீ. பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து தம் பட்ட ஆய்வேட்டை எழுதினார்.

பெற்றோரே! உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்ததற்காக மகிழுங்கள். முதல் விடுமுறையில் வீடு திரும்பும்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன், யாரிடம் ஓதினாய், எந்த நோயாளியின் அருகில் நின்றாய் என்று கேளுங்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லும் துணிவைக் கற்றுக்கொண்டாயா என்றும் கேளுங்கள். நாளை அவன் முன் படுத்திருக்கப்போகும் நோயாளிக்காக நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அவை.