அஞ்சல் வந்திருக்கிறதா?

கடிதம் எழுதும் கலைக்கு ஒரு வரலாறு உண்டெனில், கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டறிவதற்கும் தனியொரு வரலாறு உண்டு. ஊரிலிருந்து கப்பல் வரும் நாளைக் கணக்கிட்டிருந்து, தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாரிடம் தயங்கித் தயங்கி வினவிய கிள்ளான் வட்டாரத் தமிழரின் கேள்வியே, பின்னாளில் கோலாலம்பூரின் கணினித் திரைகளிலும் எழுந்தது.

மைமோஸ் என்னும் நுண்மின்னணு ஆய்வு நிறுவனம் 1985ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தோன்றியது. அங்கு முகமது அவாங் லா முன்னின்று உருவாக்கிய ‘ராங்கோம்’ என்ற கணினி வலை, 1980களின் பிற்பகுதியில் நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைத்தது. அது இடைவிடாத இணைப்பன்று. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசி வழியே அழைத்து, அதுவரை சேர்ந்த கடிதங்களை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். கடல் கடந்து செல்ல வேண்டிய கடிதமும் இவ்வாறே கணினிக்குக் கணினி தங்கித் தங்கிச் சென்றது. ஆதலால், எழுதியவர் மறுமொழிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டும்.

பார்ப்பது எவ்வாறு? யூனிக்ஸ் கணினியில் ஒவ்வொருவருக்கும் அஞ்சற்பெட்டியாக ஒரே ஒரு கோப்பு இருந்தது. புதிய கடிதம் அதன் அடியில் ஒட்டப்படும். ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லில் தொடங்கி, அனுப்பியவர் முகவரியையும் நாளையும் தாங்கியிருக்கும். அதே பெயருடைய கட்டளையைத் தட்டினால் அவ்வரிகள் மட்டுமே திரையில் வரிசையாக வரும். உறையைப் பிரிக்காமல் மேலெழுத்தை மட்டும் படிப்பதற்கு இஃது ஒப்பாகும். கேளாமலே சொல்லும் ஏற்பாடும் இருந்தது. கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தையும் மாற்றமடைந்த நேரத்தையும் ஒப்பிட்டு, மாற்றம் பிந்தியதாயின், ‘புதிய அஞ்சல் உள்ளது’ என்று கணினி அறிவிக்கும். இச்சோதனை பெரும்பாலும் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நடைபெறும்.

கடிதம் வந்த கணமே அறிவிக்கும் நிரல் ஒன்று 1980இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் எழுதப்பட்டது. அதன் பெயர் ‘பிஃப்’. அது பல்கலைக்கழக வளாகத்தில் திரிந்த ஒரு நாயின் பெயர்! தபால்காரரைக் கண்டு அது குரைத்ததாகச் சொல்வது கட்டுக்கதை என்பர். ஆயினும் பெயர் பொருத்தமே.

1990களில் ‘ஜாரிங்’ என்ற பெயருடன் வளர்ந்த அவ்வலைக்கு, 1992ஆம் ஆண்டில் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் அமெரிக்காவுடன் செயற்கைக்கோள் இணைப்புக் கிட்டியது. தமிழருக்கோ வேறொரு தடை எஞ்சியிருந்தது. அன்றைய அஞ்சல் முறை 128 குறியிடங்களைக் கொண்டு உரோமன் எழுத்துகளையே சுமந்தது. பலம் என்று எழுதினாலும் பழம் என்று எழுதினாலும் போய்ச் சேர்வது ஒரே சொல்லாக இருக்கக்கூடும். தாய்மொழியில் எழுதும் கடிதம் தாய்மொழியின் எழுத்தை இழந்தே பயணம் செய்யவேண்டிய நிலை, சிறு குறையன்று. எட்டாவது பிட்டைப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களோ, பழைய வழிகளில் அந்தப் பிட் உதிர்ந்து உருக்குலைந்தன.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ என்றே பெயர் பூண்டமை காரணமற்றதன்று. 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில், எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாலும் எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க தமிழ்க் குறியீட்டைப் பற்றி அறிஞர்கள் விவாதித்தனர். யூனிகோடு 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், அது பரவலான புழக்கத்திற்கு வர ஆண்டுகள் பல ஆயின.

ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. ‘ஃப்ரம்’ கட்டளை மட்டும் இன்னும் சில கணினிகளில் உயிர்வாழ்கிறது. கடிதத்தின் பொருள்வரியைத் தமிழில் எழுதியனுப்பி, அக்கோப்பை உள்ளவாறே திறந்து பார்த்தால், அங்கே தமிழ் இராது; சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி உரோமன் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். பிறமொழி எழுத்தைப் பழைய வழியிலேயே ஒளித்துக் கொண்டுசெல்ல 1992இல் வகுக்கப்பட்ட வேடம் அது. மறுமுனையில் உள்ள நிரல்தான் வேடத்தைக் களைந்து ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று காட்டுகிறது.