பெர்மிட் ஏஜெண்டு (மலேசியா)

மலேசியாவில் வேலை செய்யும் வெளிநாட்டவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொள்ளும் இடைத்தரகரைப் பெர்மிட் ஏஜெண்டு என்பர். சிலர் அலுவலகம் வைத்திருப்பார்கள். பலருக்குக் கைப்பேசி எண்தான் அலுவலகம். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தைப் போலத் தோட்டமும் சிறு பட்டணமும் கலந்து கிடக்கும் வட்டாரங்களில் இவர்களின் தேவை ஓயாமல் இருந்துவருகிறது. குடிநுழைவுத் துறை எங்கோ இருக்கிறது, படிவங்கள் மலாயில் இருக்கின்றன, தொழிலாளிக்கோ ஞாயிறு மட்டும்தான் ஓய்வு.

ஜாசின், மெர்லிமாவ், பெம்பான், நியாலாஸ், ஆசகான் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்ததும் ஓர் இடைத்தரகர் வழியாகத்தான். கங்காணி தம் ஊருக்குப் போய் ஆள் திரட்டிக் கப்பலேற்றினார். திறனற்ற தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததும் அந்த முறை முடிவுக்கு வந்தது. தங்கும் உரிமை ஒரு தாளைப் பொறுத்தது என்பதைத் தோட்டத் தமிழர்கள் முழுமையாக உணர்ந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. 1969இலும் அதை ஒட்டிய காலத்திலும் ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டத்தார் பிள்ளைகள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைச் சாப்பாட்டுக் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் கோயிலிலும் அதிகம் பார்க்கலாம்.

சட்டப்படி நிலைமை எளியது. வேலை பெர்மிட் எனப்படும் தற்காலிக வேலை வருகை அனுமதிக்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும்; ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவரே. பெர்மிட் ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்கும் கட்டுப்பட்டது. தொழிலாளி தாமாக அதை நீட்டிக்க முடியாது, அவர் சார்பில் ஏஜெண்டும் முடியாது. 2015 முதல் புதுப்பித்தல் பெரும்பாலும் இணையம் வழியே நடக்கிறது. 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த உரிமம் ஆளையும் வேலையையும் இணைத்து வைப்பதற்கு மட்டும்தான். ஆகவே 'நான் பெர்மிட் போட்டுத் தருகிறேன்' என்பவர் ஒன்று முதலாளியின் எழுத்து வேலையைச் செய்கிறார், அல்லது பொய் சொல்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பணம் போய்விடும் என்பதுதான் பெரிய ஆபத்தாகப் பலருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது சிறியது. பெரிய ஆபத்து, ஏஜெண்டு செய்த தவறு தொழிலாளியின் குற்றமாகப் பதிவாவதில் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணமான லெவி, தோட்டத்துறையில் ஒருவருக்கு 640 ரிங்கிட். சேவைத்துறையில் 1,850 ரிங்கிட். இந்த வித்தியாசம் ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. தோட்டக் கம்பெனி ஒன்றின் வெளிநாட்டுத் தொழிலாளர் கோட்டாவில் பெயரைப் போட்டு, ஆளைப் பட்டணத்துக் கடையில் வேலைக்கு விட்டால், கடவுச்சீட்டில் இருப்பது அசல் பெர்மிட்டாகவே இருக்கும். முத்திரையும் அசல்தான். இருந்தும் சோதனைக்கு வரும் அதிகாரி கடைக்குள் அவரைப் பிடித்தால், 1963ஆம் ஆண்டின் குடிநுழைவு விதிமுறைகளில் 39(பி) பிரிவின்படி அவர் நிபந்தனையை மீறியவர். போலி பெர்மிட்டைவிட இது தந்திரமானது, ஏனென்றால் தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. பெர்மிட்டில் உள்ள முதலாளியின் பெயரும் சம்பளம் கொடுப்பவரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதே ஒரே சோதனை.

லெவியிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. 2013 முதல் அதைத் தொழிலாளியே கட்டிவந்தார். 2018 ஜனவரி 1 முதல் அது முதலாளியின் பொறுப்பு. இந்த மாற்றம் தெரியாதவரிடம் 'லெவிக் காசு' என்று கேட்பது எளிது. அந்தக் காசுக்கு ரசீதும் வராது.

பெர்மிட் தீர்ந்துபோனவருக்குக் காட்டப்படும் குறுக்கு வழிகளில் ஸ்பெஷல் பாஸ் ஒன்று. நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கோ வேறு தனிக் காரணத்துக்கோ குறுகிய காலம் கொடுக்கப்படும் தாள் அது, அதை வைத்து வேலை செய்ய முடியாது. 'புதுப்பித்தாகிவிட்டது' என்று சொல்லி அதைக் கையில் கொடுத்தால், மலாய் படிக்கத் தெரியாதவர் நம்பிவிடுவார். மற்றொன்று, ஆள் இங்கேயே இருக்க, கடவுச்சீட்டு மட்டும் எல்லைக்குப் போய் முத்திரை வாங்கி வருவது. 2020 நவம்பரில் ஊழல் தடுப்பு ஆணையம் நடத்திய 'ஆப்ஸ் செலாட்' நடவடிக்கையில், இத்தகைய முத்திரைக் கும்பல்களோடு தொடர்புடையவர்களாகக் குடிநுழைவு அதிகாரிகளே கைதாயினர். உள்ளே ஆள் இருக்கிறது என்று ஏஜெண்டு பெருமையடிப்பது சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். அதுவே அதன் ஆபத்து.

தண்டனைகள் கடுமையானவை. 1959/63ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, காலம் கடந்து தங்கியவருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். போலி ஆவணங்கள் பற்றிய 55டி பிரிவில் அபராதம் 30,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை. சிறை ஐந்து முதல் பத்து ஆண்டுகள். அதோடு ஆறு பிரம்படிகள் வரை. பிடிபடுவோர் தடுப்பு முகாமில் காத்திருக்க வேண்டும். மலாக்காவில் அத்தகைய முகாம் மாச்சாப் உம்புவில் இருக்கிறது. கடவுச்சீட்டை ஏஜெண்டிடம் விட்டுவைத்தவரின் நிலை இன்னும் மோசம், தாம் யார் என்று காட்டவே அவரிடம் ஒன்றும் இராது. பிறர் கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அனுமதி இல்லாதவர் எந்தத் துணிச்சலில் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுப்பார்? ஏஜெண்டுகளுக்கு இந்தத் தயக்கமே பாதுகாப்பு.

அரசே சட்டப்படுத்தும் திட்டங்களைக் கொண்டுவந்த காலங்களில் ஏமாற்றும் பெருகியது. 2011இல் தொடங்கிய 6பி திட்டத்தைத் தொடர்ந்து, 2016 பிப்ரவரி 15 முதல் 2018 ஜூன் 30 வரை மறுவேலைத் திட்டம் நடந்தது. பதிவு வேலை தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றின் பெயரைச் சொல்லிக் கீழ்நிலை ஏஜெண்டுகள் முளைத்தனர். பணம் கட்டியும் பெர்மிட் கிடைக்காதவர்கள், மறுநாள் ஜூலை 1இல் தொடங்கிய 'ஆப்ஸ் மெகா 3.0' சோதனைகளில் பிடிபடும் நிலைக்கு ஆளாயினர். கொடுத்த பணத்துக்குச் சான்று அவர்களிடம் இல்லை. 2023 ஜனவரி 27 முதல் அவ்வாண்டு இறுதிவரை விண்ணப்பங்கள் பெறப்பட்ட 'ஆர்.டி.கே. 2.0' திட்டத்தில் இடைத்தரகர் வேண்டாம் என்று அரசு முடிவு செய்து, முதலாளிகளை நேரடியாக விண்ணப்பிக்க வைத்தது. முன்னதைவிட இது நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் விண்ணப்பிக்க மனமில்லாத முதலாளியிடம் வேலை செய்தவருக்கு அதில் கதவே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருவோரிடம் இப்போது பரவும் வடிவம் வேறு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் நுழைந்து 30 நாள் தங்கலாம். திருச்சியில் ஏறினால் சில மணி நேரத்தில் கோலாலம்பூர். 'டூரிஸ்டாகப் போங்கள், அங்கே போய்ப் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம்' என்பதே ஏஜெண்டின் வாக்கு. சுற்றுலா அனுமதியை அப்படி வேலை பெர்மிட்டாக மாற்ற முடியாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் மலேசியாவுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதல் தேவை; டூரிஸ்டாக வந்தவர் அந்தப் பாதுகாப்பையும் இழந்தவர். இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கு மேல் கேட்கிறார் என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

சிக்கிக்கொண்டவருக்குச் சில வழிகள் திறந்திருக்கின்றன. கடவுச்சீட்டு இல்லாத இந்தியருக்குக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்றிதழ் வழங்குகிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் இயங்கும் 'தெனாகனிதா' போன்ற அமைப்புகள் புலம்பெயர் தொழிலாளர் வழக்குகளில் உதவுகின்றன. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த தாயகம் திரும்பும் திட்டத்தில், காலம் கடந்து தங்கியவர் கம்பவுண்ட் எனப்படும் 500 ரிங்கிட் அபராதத்தைக் கட்டி, வழக்கின்றி நாடு திரும்ப முடிந்தது. 2025 மே மாதம் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஏஜெண்டு யாரும் நியமிக்கப்படவில்லை என்று குடிநுழைவுத் துறை அறிவித்திருந்தது. ஆனால் 2024 திட்டத்தில் கம்பவுண்டை ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி அட்டையோ மின்பணப்பையோ வேண்டும். வங்கிக் கணக்கே இல்லாதவர் அந்த 500 ரிங்கிட்டைக் கட்டவும் வேறொருவரின் அட்டையைத்தான் நாட வேண்டியிருந்தது.