குளிர்காலமும் குதிகாலும்: நல்லெண்ணெய் சொல்லும் வரலாறு

மார்கழி, தை மாதங்களில் கடலூரிலும் சிதம்பரத்திலும் சுப்ஹு வேளையில் ஹவுளின் நீர் விரலை விறைக்கச் செய்யும். பருவமழை ஓய்ந்து பனி இறங்கியதும் தோல் வறண்டு குதிகால் வெடிக்கிறது. வலிக்கு அஞ்சிக் குதிகாலை நனைக்காமலே உளூவை முடித்துக்கொள்ளும் முதியவர்களைக் கண்டிருக்கிறேன். வெடிப்பில் மெழுகை அப்பி, அதன் மேல் நீரூற்றும் மாணவர்களையும் கண்டிருக்கிறேன். ஆகவே தோலைப் பேணுவது அழகைச் சார்ந்தது மட்டுமன்று, தொழுகையைச் சார்ந்ததுமாகும்.

குளிர் நபித்தோழர்களையும் சோதித்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்தென்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை. மற்றொரு பயணத்தில் தோழர்கள் சிலர் அவசரமாக உளூச் செய்ய, அவர்களது குதிகால்கள் நனையாதிருந்தன. அப்போது நபியவர்கள் உரத்த குரலில் எச்சரித்தார்கள். மெய்யான தீங்குக்குச் சலுகை உண்டு. அலட்சியத்துக்கு இல்லை என்பதே இவ்விரு நிகழ்வுகளின் பாடம்.

அப்படியானால் தோல் வெடிக்காமல் காப்பது எப்படி? ஸைத்தூன் எண்ணெயை உண்ணவும் உடலில் பூசவும் நபியவர்கள் ஏவியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. ஸைத்தூன் விளையாத நம் மண்ணில் முன்னோருக்கு வாய்த்தது நல்லெண்ணெய். எள்ளின் நெய்யே எண்ணெய். தமிழில் எல்லா எண்ணெய்க்கும் பெயர் கொடுத்தது எள்தான். எள்ளுக்கு அரபியில் ஜுல்ஜுலான் என்றும் ஒரு பெயர் உண்டு. அது போர்ச்சுகீசியரிடம் ஜெர்ஜெலிம் ஆகி, ஆங்கிலத்தில் ஜிஞ்சலி ஆயிற்று. சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையும் இவ்வாறே மஹ்மூது பந்தர், போர்ட்டோ நோவோ எனப் பல பெயர்களைச் சுமந்த துறைமுகம். வணிகம் சென்ற வழியே சொற்களும் சென்றன.

ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள், ஹிஜாஸ் போன்ற வெப்ப நாடுகளில் எண்ணெய் பூசுவது உடல்நலம் காக்கும் முக்கிய வழி என்றும், வெந்நீர்க் குளியலுக்குப் பின் பூசினால் உடல் ஈரப்பதம் பெறும் என்றும் எழுதியுள்ளார்கள். பயனுள்ள எண்ணெய்களின் வரிசையில் ஸைத்தூன், நெய் ஆகியவற்றை அடுத்து நல்லெண்ணெயை வைத்தார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு உளூவைத் தடுக்காதா என்று பலர் வினவுகின்றனர். நீர் தோலில் பட்டு ஓடினால் போதும். எண்ணெய்ப் பசையால் அது தங்காவிடினும் உளூ கூடும் என்பது இமாம் நவவி அவர்களின் விளக்கம். ஆனால் மெழுகு போல் படிந்து நீரைத் தடுப்பதை அகற்ற வேண்டும். நீர் பட்டால் புண் மோசமாகும் நிலையில் உள்ளவர் தம் மத்ஹபின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிக.

இஷாவுக்குப் பின் காலைக் கழுவித் துடைத்து, ஈரப்பதம் முழுதும் காயுமுன் நல்லெண்ணெய் தடவிப் பருத்திக் காலுறை அணியுங்கள். எண்ணெய்க் காலுடன் நடந்தால் வழுக்கும். சுப்ஹுக்கு இளஞ்சூட்டு நீரில் உளூச் செய்வதில் குற்றமில்லை. நீரிழிவு உள்ளவர்களின் வெடிப்பைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டு முதியவர்களின் குதிகாலை இன்றிரவே பாருங்கள்; குனிந்து எண்ணெய் தடவ அவர்களால் இயலாதிருக்கலாம்.

நம் உடலையும் உளூவையும் பேணிக்கொள்ள அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.