விறகுக்குக் கட்டிய புகைபோக்கியில் நிலக்கரி

கொடைக்கானல் பக்கமிருந்து அவ்வப்போது ஒரு செய்தி வரும். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டி, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. போன தடவை அதை வாசித்தபோது, "புகை வந்திருந்தா முழிச்சிருப்பாங்களே?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய் நான் சேர்ந்த இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா.

அங்கே வயோமிங் பள்ளத்தாக்கில் ஆந்த்ரசைட் என்ற கெட்டியான நிலக்கரி கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'கல் கரி'. கொல்லர்கள் துருத்தி ஊதி அதை எரித்தார்கள். வீட்டுக் கணப்பில் போட்டால் மட்டும் பற்றாது. விறகை அடுக்கினால் இடுக்கு வழியே காற்று தானாகப் போகும். இந்தக் கரிக்கோ அடியிலிருந்து காற்று ஏறியாக வேண்டும்.

1807-இல் ஸ்மித் சகோதரர்கள் இந்தக் கரியைப் படகில் ஏற்றி ஆற்றோடு கொலம்பியா ஊருக்குக் கொண்டுபோனார்கள். யாரும் வாங்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

1808 பிப்ரவரி 11-இல், வில்க்ஸ்-பாரி ஊரில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல், தன் வீட்டுக் கணப்பில் ஓர் இரும்புக் கிராதியை வைத்து, அதன்மேல் கல் கரியை மூட்டினார். எரிந்தது! துருத்தி வேண்டியிருக்கவில்லை, இருந்த புகைபோக்கியே காற்றை இழுத்துக்கொண்டது. விறகைவிடச் செலவு கம்மி, தீயும் நல்ல தீ என்று ஒரு புத்தகத்தின் வெற்றுத்தாளில் குறித்து வைத்தார். அதே வருஷம் ஸ்மித் சகோதரர்கள் கிராதியையும் கூடவே எடுத்துப்போய் எரித்துக் காட்டினார்கள். கரி விற்றது.

இதுவரை சிக்கல் இல்லை. பிறகு மூடிய இரும்பு அடுப்புகள் வந்தன. அவற்றின் குழாயைப் பழைய புகைபோக்கியில் சொருகியபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

புகைபோக்கி வெறும் ஓட்டை இல்லீங்க, அதுதான் எஞ்சின். உள்ளே சூடான வாயு மேலே ஏறினால்தான் கீழே புதுக் காற்று வரும். திறந்த விறகுத் தீக்காகக் கட்டியது அகலமாக இருக்கும். மூடிய அடுப்பு அனுப்புகிற வாயுவோ கொஞ்சம். அந்த அகலத்தில் அது ஆறிப்போகும், இழுப்பு குறையும், வாயு அறைக்கே திரும்பும். நிலக்கரியிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செங்கல்லுக்கு நடுவிலிருக்கும் சுண்ணாம்புக் காரையையும் அரிக்கும். அந்த விரிசல் வழியே மாடி அறைக்குள்ளும் வாயு கசியலாம்.

அதனால்தான் பழைய கணப்பின் வாயை அடைப்பது, குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிப் பூசுவது, மற்ற ஓட்டைகளை மூடுவது, உள்ளே அளவான குழாய் இறக்குவது என்று இத்தனை வேலை.

இப்போது வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விறகுப்புகை கண்ணைக் கரிக்கும், இரும வைக்கும், சில வேளை தூங்குகிறவரை எழுப்பவும் கூடும். ஆந்த்ரசைட்டும் நம்மூர் அடுப்புக்கரியும் கனிந்துவிட்டால் புகையே இருக்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தொல்லை என்று நாம் திட்டிய புகைதான் அத்தனை காலம் காவல்காரனாக இருந்திருக்கிறது.

பென்சில்வேனியா வீடுகளில் புகைபோக்கியாவது இருந்தது. நம் மலையூர் விடுதி அறைகளில் பலவற்றில் அதுவும் கிடையாது. குளிருக்கு இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரிச்சட்டி மட்டும் அறைக்குள் வேண்டாம்.