கரைவழிச் செலவு

‘செலவு’ என்னும் சொல் இன்று பணத்தையே நினைவூட்டுகிறது. பண்டைத் தமிழில் அது பயணத்தைக் குறித்தது. பொருள்தேடப் புறப்பட எண்ணிய தலைவன் போகாது தயங்குதலை அகப்பொருள் நூலார் ‘செலவழுங்கல்’ என்றனர். அப்பழம்பொருளை உயிர்ப்பித்துத் தம் பாடலொன்றுக்கு ‘மாவலிபுரச் செலவு’ எனத் தலைப்பிட்டார் பாவேந்தர் பாரதிதாசன். 1909 இல் காரைக்காலைச் சார்ந்த நிரவியில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர் அவர் என்பதால், அவருடைய செலவைப் பற்றிப் பேசுவதற்குக் காரைக்காலுக்குத் தனி உரிமை உண்டு.

அச்செலவு நிகழ்ந்தது 1934 இல். ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி, நாரண துரைக்கண்ணன் முதலிய நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு, முழுநிலா இரவில், படகில் சென்றார் பாவேந்தர். அவர்களைச் சுமந்து சென்ற நீர்வழி பக்கிங்காம் கால்வாய் ஆகும்.

அக்கால்வாயின் வரலாறு வணிகத்தில் தொடங்கிப் பஞ்சத்தில் வளர்ந்தது. பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்தியரின் முயற்சியால் 1806 இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே படகுகள் ஓடின. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் கால்வாய் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்த கைகள் தோண்டிய கால்வாய்க்கு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட அவ்வழியே விறகும் உப்பும் சென்னைக்கு வந்தன.

காற்று வாய்த்தபோது படகுகள் பாய்விரித்துச் சென்றன. காற்றில்லாதபோது மனிதர் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். இந்தக் கரைவழியே பாவேந்தரின் பாடலுக்குள் இடம்பெற்றது. நிலவையும் நீரையும் வியந்து வந்த பாடல், கயிற்றைத் தோளில் தாங்கிக் கரையோடு நடக்கும் ஒருவனைக் கண்டதும் திசை மாறுகிறது. படகின் பின்புறத்தில் வேறொருவன் முதுகு கூனக் கோலூன்றித் தள்ளுகிறான். காணப் பொறாத நண்பர்கள், உழைப்பாளரின் தோள்வலிமையன்றி இவ்வுலகம் இன்பக் கரையேற வழியில்லை என்று மீளமீளச் சொல்லிக்கொள்கின்றனர். பயணியர் பெயர்களை இலக்கிய வரலாறு காத்துவைத்தது. கயிறிழுத்தவன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவன் நடந்தான் என்பதற்குத் தமிழ்க்கவிதை சான்றாக நிற்கிறது.

அக்கால்வாய் புதுச்சேரி வரை நீளும் என்று பாவேந்தர் பாடியதும் நோக்கத்தக்கது. உண்மையில் அது மரக்காணத்தோடு நின்றுவிட்டது. கவிஞரின் ஊர்ப்பற்று கால்வாயைச் சற்றே நீட்டியது போலும். வியப்பு யாதெனில், 2008 இல் நான்காம் தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டபோது, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை என்றே அதன் எல்லை வகுக்கப்பட்டது. பாட்டில் நீண்டது பின்னர்ச் சட்டத்திலும் நீண்டது.

நிலத்திலோ கால்வாய் சுருங்கியே வந்தது. 1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. படகுப் போக்குவரத்து மெல்ல ஓய்ந்தது. சென்னை நகருக்குள் அதன் படுகையிலும் கரையிலும் பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. 1995 இல் சேப்பாக்கம் வரையிலும், 1997 இல் திருமயிலை வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. கயிறிழுத்தவன் நடந்த வழி அங்கே பெரும்பாலும் மறைந்தது.

அமெரிக்க நாட்டில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பொடோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் செசபீக்–ஒகையோ கால்வாயில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகிழுத்தன. 1924 இல் போக்குவரத்து நின்றபின், அதன் தடத்தில் மோட்டார்ச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. அதை எதிர்த்த உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், 1954 மார்ச்சில் பத்திரிகையாளர் உள்ளிட்ட பலரை உடனழைத்து ஏறத்தாழ 297 கிலோமீட்டர்க் கரைவழியை நடந்தே கடந்தார். திட்டம் கைவிடப்பட்டது, 1971 இல் அக்கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. கழுதைகள் நடந்த பாதைக்குக் கிடைத்த மதிப்பு, மனிதர் நடந்த பாதைக்கு இங்கே கிடைக்கவில்லை.

மேலைநாட்டுக் கரைவழிகளில் இன்று ‘லெட்டர்பாக்சிங்’ என்னும் நடைவிளையாட்டும் வழங்குகிறது. 1854 இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அத்தொலைவிடம் வரை நடந்துவந்தோர் தம் பெயரட்டையை அதில் இட்டுச் சென்றனர். பின்வந்தோர் அஞ்சலட்டைகளை விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அவற்றை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. இந்நாளில் பெட்டிக்குள் ஒரு முத்திரையும் குறிப்பேடும் இருக்கும். அதை மறைத்து வைத்தவர், அது இருக்குமிடத்தைக் குறிப்புகளாலும் சில வேளைகளில் விடுகதைப் பாட்டாலும் உணர்த்துவார். தேடி வருபவர் தம் முத்திரையைக் குறிப்பேட்டில் பதித்துச் செல்வார்.

முன் நடந்தவன் பின் நடப்பவனுக்கு வழிசொல்வது தமிழுக்குப் புதிதன்று. ‘ஆறு’ என்றால் வழி. பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்நாட்டை ஒட்டியே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. அவர் பாடிய எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் கொள்வர். கால்வாய் முடியும் இடம் ஓர் ஆற்றுப்படையின் வழியில் அமைந்திருக்கிறது. உப்புவண்டியோடு செல்லும் உமணரையும், அவர்தம் பிள்ளைகளோடு விளையாடும் மந்தியையும் அப்பாட்டு காட்டுகிறது. உப்பு விற்று நெல்லேற்றி வந்த படகுகள் கழியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை தருகிறது. உமணர் பெயர்களும் தெரியா; எனினும் புலவர்கள் அவர்களை வழியோடு சேர்த்தே பாடினர்.

அரசலாறும் திருமலைராசனாறும் கடல்சேரும் காரைக்கால் மண்ணில் கரைவழிகளுக்குக் குறைவில்லை. தெற்கே நாகையிலிருந்து வேதாரண்யம் வரை உப்புச் சுமந்த கால்வாயும் உள்ளது. இவற்றின் கரைகளில் கவிஞர் நடக்கலாம். நடந்த வழியை அடுத்து வருபவருக்குப் பாட்டில் உரைக்கலாம். மதகடியிலோ ஆலமரத்தடியிலோ ஒரு குறிப்பேட்டை வைத்தும் வரலாம். அதன் முதற்பக்கம், படகிழுத்தும் உப்புச் சுமந்தும் அவ்வழிகளில் முன்னே நடந்த பெயரறியாதோருக்கு உரியதாகட்டும்.