தன் வீட்டுக் கதவைத் தானே தட்டும் கணினி

இணையத்தில் நாம் ஒரு தளத்தைத் திறந்தால், நமது ஐ.பி. முகவரி அந்தத் தளத்திற்குத் தெரிந்துவிடும். இதை மறைக்க 1990-களின் நடுவில் வழி கண்டவர்கள், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தின் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகிய மூவர். செய்தியை வெங்காயம் போலப் பல அடுக்குகளாகப் பூட்டி, பல கணினிகள் வழியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை மட்டுமே உரிக்கும். தனக்கு முன்னும் பின்னும் உள்ள கணினிகளைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

ஆனால் கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதில் வருபவர் எல்லாம் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடுமே! எனவே பொதுமக்களும் சேர வேண்டியிருந்தது. சைவர்சனுடன் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் இருவரும் உருவாக்கிய 'டோர்' 2002 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2003 இறுதியில் அதில் இருந்தவை சுமார் 12 தன்னார்வக் கணினிகளே. புதிய கணினி ஒன்றைச் சேர்க்க, பட்டியலைப் பராமரிப்பவர் தாமே பார்த்து அனுமதிக்க வேண்டியிருந்தது.

பலரும் தங்கள் வீட்டுக் கணினியையே 'ரிலே' ஆக்க முன்வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. வீட்டு ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போவதை விடும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். உரிய போர்ட்டைத் திறந்துவிடாவிட்டால், ரிலே ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் யாராலும் அதை அடைய முடியாது. வீட்டுக்காரரோ உதவுவதாக நம்பிக்கொண்டிருப்பார்!

இதற்கான தீர்வு 2005-இல் டோர் மென்பொருளிலேயே சேர்க்கப்பட்டது. ரிலே பிற ரிலேக்கள் வழியாக வெளியே சுற்றிவந்து, தன் கதவைத் தானே தட்டிப் பார்க்கும். கதவு திறந்தால்தான் தன் விவரத்தை வெளியிடும். அதோடு முடியவில்லை. பட்டியலைப் பராமரிக்கும் சர்வர்களும் தனித்தனியே தட்டிப் பார்த்து வாக்களிக்கும். பெரும்பான்மை கிடைத்தால்தான் மணிக்கொரு முறை வெளியாகும் பட்டியலில் அது 'இயங்குகிறது' என்று இடம்பெறும்.

இந்தப் பகிரங்கத்திற்கும் ஒரு விலை உண்டு. 2009 செப்டம்பரில் சீனா அந்தப் பட்டியலில் இருந்த முகவரிகளைத் தடுத்தது. பட்டியலில் வெளியிடப்படாத 'பிரிட்ஜ்' எனும் ரிலேக்களே அங்குள்ளவர்களுக்குக் கைகொடுத்தன. ஆனால் அந்தப் பிரிட்ஜையும் வெளியிலிருந்து அடைய முடிய வேண்டும். பிறருடைய தடத்தை மறைக்க உதவும் கணினி, முதலில் தன் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.